படுத்தவரு எழுந்திருக்கல

என் புருஷன் புளிய மரத்திலிருந்து விழுந்துதான் செத்தார் என்பது என்னைத் தவிர எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்குத் தெரியும். கட்டிலில் போட்டுத் தூக்கிவந்த ஆண்களுக்குத் தெரியும். பைக்கில் வந்து எனக்குச் சேதி சொன்னவனுக்கும் தெரியும். அவரோடு இருபது வருஷம் குடும்பம் நடத்திய நான் மட்டும், நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று நம்பி, அந்த உடம்பை ஜவ்வாது மலையிலிருந்து கீழே மருத்துவக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோனேன். தன் உடம்பைத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார் அவர். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கிருந்த வேலை.

எழுதும்போதே வயிறு எரிகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. யாராவது ஒருத்தரைக் கரித்துக் கொட்ட முடிந்திருந்தால் இந்நேரம் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

மாசி, பங்குனியில் எங்கள் மலையில் புளி உலுக்குவார்கள். ஆண்கள் மரத்தில் ஏறிக் கிளைகளைக் காலால் மிதித்து உலுக்க, பெண்கள் கீழே படுதா விரித்துப் பொறுக்குவார்கள். சில வருஷம் யாராவது விழுவார்கள். கை கால் ஒடிந்தால் விழுந்தார் என்றே சொல்வார்கள், வைத்தியமும் பார்ப்பார்கள். உயிர் போய்விட்டால் மட்டும் அவர் விழவில்லை. விழுந்தார் என்றால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் பிணத்தைக் கீழே கொண்டுபோய் அறுப்பார்கள். அறுத்த பிணத்தை எங்கள் ஊர் எல்லைக்குள் சேர்ப்பதில்லை, முன்னோர்கள் பக்கத்தில் புதைப்பதுமில்லை. அதனால், "படுத்தவரு எழுந்திருக்கல" என்று சொல்லிவிடுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பது கிடையாது. மரத்தடியில் நிற்கிற அத்தனை பேர் வாயிலும் அந்த ஒரே பேச்சு தானாக வந்துவிடும்.

அன்றுவரை எனக்கு இது தெரியாது. நான் கீழே சந்தவாசல் பக்கத்துக்காரி. தபால் ஆபீஸ் வேலைக்கு மலையேறி வந்து, இவரைப் பார்த்து, இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கிக்கொண்டு கட்டிக்கொண்டவள். சாமைச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன், இவர்கள் தெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் கற்றுக்கொண்டேன், அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவக்கூடக் கற்றுக்கொண்டேன். இருந்தும் இவர்களுக்கு நான் இன்றைக்கும் கீழ்நாட்டுக்காரிதான். எது எதையோ சொல்லிக் கொடுத்தவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை.

தானத்துக்குக் காரணம் எங்கள் ஒரே மகள். வேறொரு ஊர்க் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்கிறாள். சேர்ந்த புதிதில் ஒருநாள் போன் செய்தாள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. அவர் பின்பக்கத்துப் பாறைமேல் ஏறி நின்று, ஸ்பீக்கரில் போட்டு, ஊருக்கே கேட்கிறமாதிரி கத்திப் பேசுவார்.

"நைனா, இன்னிக்கு மொதத் தடவ பாடிய பாத்தோம்."

"பயந்துகினியா?"

"இல்ல நைனா. வயசானவரு ஒருத்தரு. எல்லாரும் கும்புட்டுட்டுத்தான் ஆரம்பிச்சோம்."

"எந்த ஊருக்காரரு?"

"தெரியாது நைனா. யாரும் தேடி வரலயாம். பேரு கூடத் தெரியாதாம்."

பாறையைவிட்டு இறங்கி வந்தவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னாமே, அந்தாளுக்கு ஒருத்தங்க கூடவா இல்லாம பூட்டாங்க?"

"அதான் சொல்லிச்சே பொண்ணு."

"பேரே தெரியாம அவரு உடம்புல நம்ம புள்ள படிக்குது. எல்லாம் இருக்கறவன் ஒருத்தன் போவட்டும்மே. பொண்டாட்டி, புள்ள, தம்பி, ஊரு, எல்லாம் இருக்கறவன். இன்ன மலைலேர்ந்து வந்தாரு, இன்னாரு புருஷன்னு தெரிஞ்சி படிக்கட்டும் பசங்க."

நான் சிரித்துவிட்டேன். "யோவ், உன் ஆணிக்கால பாத்துட்டு அந்தப் பசங்க படிப்பே வாணாம்னு ஓடிரும்."

"சுகரு இல்ல, பிரஷரு இல்ல. ஒரு பல்லு வுழல. இது மலை ஏறின காலுமே. இந்த மாதிரி காலு அவங்களுக்கு எங்க கிடைக்கும்?" என்று லுங்கியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். அந்தக் காலைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இரண்டு பேரும் கீழே மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். அவர் போடும்போது நானும் போடுகிறேன் என்று போட்டதுதான், எனக்குப் பெரிய தர்ம சிந்தனை எல்லாம் கிடையாது. சாட்சிக்கு என் கொழுந்தனைக் கூட்டிப் போயிருந்தோம். அவருடைய ஒரே தம்பி. அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். உடம்பை நேரத்தோடு கொண்டுவர வேண்டும். கண் கொடுப்பதானால் ஆறு மணி நேரத்துக்குள். தொற்று நோய் இருந்தால் எடுக்க மாட்டார்கள். விபத்து, போலீஸ் கேஸ், பிரேத பரிசோதனை என்று ஆகிவிட்டால் எடுக்கவே மாட்டார்கள். கொழுந்தன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "இன்னாண்ணா, பொண்ணு கேக்கற மாதிரி இவ்ளோ கண்டிசன் போடறாங்க" என்றான். அவர் டீ புரையேறச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் தினமும் கேட்கிறேன்.

நாலு மாசம்கூட முழுசாகப் போகவில்லை.

அன்றைக்கு நான் தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். பங்காளி வீட்டுப் பையன் பைக்கை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றான். "பெரியம்மா, பெரியப்பாவுக்கு நெஞ்சு வலிச்சிதாம். மரத்தாண்ட படுத்தாராம். படுத்தவரு எழுந்திருக்கல" என்றான். நான் முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடியே அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அது கையிலிருப்பது தெரிந்தது.

நான் போவதற்குள் எல்லாம் முடித்துவைத்திருந்தார்கள். குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, தலைக்குப் புதுத் துண்டைப் பெரிய தலைப்பாகையாகச் சுற்றியிருந்தார்கள். பொண்டாட்டி வருவதற்கு முன்னால் குளிப்பாட்டுவது எந்த ஊர் நியாயம் என்று ஒரு நொடி மனசில் பட்டது. பிறகு, இவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கல்யாணத்தன்று கட்டியதற்குப் பிறகு அவர் தலைப்பாகை கட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன். அழகாகக்கூட இருந்தார் பாவி மனுஷன்.

அழுதேன். அழுதுகொண்டே பாறைப் பக்கம் போய் மகளுக்குப் போன் போடச் சொன்னேன். அவள் அழுது முடித்து, "அம்மா, கண்ணு... நேரம் ஆவுதும்மா. ஜல்தியா கீழ எறங்குங்க, நான் நேரா அங்க வந்துர்றேன்" என்றாள்.

அதற்கப்புறம் நான் அழவில்லை, சண்டைதான் போட்டேன். தூரத்து ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வர வேண்டும், தாய்மாமன் வீட்டுக் கோடித்துணி வர வேண்டும், அதற்கு முன்னால் பிணம் நகரக் கூடாது என்றார்கள். "அவுரு சொல்லிட்டுப் போயிருக்காரு, நான் கொண்டுபோறேன்" என்றேன். "புருஷன அறுக்கக் குடுக்கற பொம்பளைய இந்த மலை பாத்ததில்ல" என்று அவருடைய சித்தி மண்ணை வாரி என் காலடியில் போட்டாள். "இப்ப பாத்துக்க" என்றேன். என் வாய் அப்படி.

கொழுந்தன் என் பக்கம் நின்றான். நான் அவனிடம் அதை எதிர்பார்க்கவேயில்லை. "அண்ணன் சொன்னா சொன்னதுதான். வண்டிக்குச் சொல்லியாச்சு. வழிய வுடுங்க" என்றான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. இவனல்லவா கூடப்பிறந்தவன் என்று அப்போது நினைத்தேன்.

மலைக்கு வந்து போகிற டாக்டர் ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார். "நெஞ்சுவலின்னு சொன்னாரா?" என்று கேட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில், "ஆமாங்க" என்றார்கள். நானும்தான் ஆமாங்க என்றேன்.

வண்டியில் நான், கொழுந்தன், பங்காளிகள் இரண்டு பேர். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டி சாய்ந்தது. கொழுந்தன் அண்ணன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான், ஒரு தடவைகூட ஆட விடவில்லை. "கையி வலிக்கப் போவுதுடா, நான் கொஞ்ச நேரம் வெச்சிக்கறேன்" என்றேன். "வாணாம் அண்ணி, வாணாம்" என்று என் கையைத் தள்ளிவிட்டான். ஒடுகத்தூர் வந்து சமதரையில் ஓடும்போதும் அவன் கையை எடுக்கவில்லை.

கல்லூரியில் மகள் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். எங்களிடம் கையெழுத்து வாங்கிய அதே அம்மா, அங்கே பேராசிரியை, எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்கள். "நல்ல நேரத்துல கொண்டாந்துட்டீங்க. கண் டாக்டருக்குச் சொல்லிட்டேன்" என்றார்கள். மேலே அத்தனை பேரிடமும் வாங்கிய பேச்சு அந்த ஒரு சொல்லில் இறங்கிப் போனது. ஜெயித்துவிட்டேன் யோவ் என்று மனசுக்குள் அவரிடம் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

பேராசிரியை தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னார்கள். கொழுந்தன், "அது இருக்கட்டும் மேடம், எங்க சம்பிரதாயம்" என்றான். "எல்லாம் எடுத்துத்தாம்பா ஆகணும்" என்று அவர்களே அவிழ்த்தார்கள். துண்டு உள் சுற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின் மண்டையில் கைவைத்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு விலா எலும்பை அழுத்திப் பார்த்தார்கள். என் மகளுக்கு அவர்கள் சொல்லாமலே தெரிந்துவிட்டது. சுவரோடு போய்ச் சாய்ந்துகொண்டாள்.

"இவர் எப்படிம்மா இறந்தார்?"

"நெஞ்சு வலிங்க. மரத்தாண்ட படுத்தவரு..." என்று நான் ஆரம்பித்தேன். சொல்லும்போதே கொழுந்தன் முகத்தைப் பார்த்தேன். வாய் பாதியில் நின்றுவிட்டது.

அவன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "மரத்துலேர்ந்து வுழுந்துட்டாரு அண்ணி. கிளை முறிஞ்சிட்ச்சி. கீழ பாறை. நான் அடுத்த கிளைலதான் நின்னுனு இருந்தேன் அண்ணி. கைய நீட்டினேன், எட்டல."

"என்கிட்ட ஏண்டா சொல்லல? பாவி, என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா போலீசு கேசு ஆயிடும், இவங்க எடுக்க மாட்டாங்களே அண்ணி. அன்னிக்கு இவங்கதானே சொன்னாங்க. அண்ணன் ஆசைப்பட்டது நடக்காம பூடுமேன்னுதான்... படிக்கறவங்கதானே அண்ணி, போலீசா இவங்க? இதெல்லாம் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவனை அடித்தேன். கல்லூரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, கை ஓய்கிறவரை அடித்தேன். அவன் ஒதுங்கவேயில்லை. மகள் வந்துதான் என்னைப் பிடித்து இழுத்தாள்.

பேராசிரியை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "எங்க கையில இல்லம்மா. போலீசுக்குச் சொல்லியே ஆகணும். பிரேத பரிசோதனை ஆனா நாங்க எடுத்துக்க முடியாது" என்றார்கள். கண்ணையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். போலீஸ் சம்மதித்தால் எடுக்கலாம் என்றார்கள். கண் டாக்டர் பெட்டியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்த ஸ்டேஷனில் கேட்டால் மலை ஸ்டேஷன் சொல்ல வேண்டும் என்றார்கள். மலை ஸ்டேஷன்காரர்கள் மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம் என்றார்கள். மகள் வாசலுக்கும் போனுக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். கடைசியில் கண் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். சின்ன வயசுக்காரர், பெட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "காலையில மலையிலயே விழுந்துட்டார்னு சொல்லியிருந்தா, போலீசு அங்கயே பாத்து முடிச்சிருப்பாங்கம்மா. கண்ணு ரெண்டும் கிடைச்சிருக்கும்" என்றார். நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

மறுநாள் பகலில் அறுத்தார்கள். எதற்கு? மரத்திலிருந்து விழுந்து செத்தார் என்று கண்டுபிடிக்க! அது மரத்தடியில் நின்ற எல்லாருக்கும் முன்னமே தெரியும். அவர் ஆசைப்பட்ட கத்தி அவர்மேல் பட்டது. ஆனால் பக்கத்தில் நின்று, இது இன்ன நரம்பு, இது இன்ன எலும்பு என்று கற்றுக்கொள்ள ஒரு பிள்ளைகூட இல்லை. அந்தக் கெண்டைக்காலை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மகள் மட்டும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாள். "அம்மா, நைனாவ புளி மூட்டை தைக்கற மாதிரி தைச்சிருக்காங்கம்மா" என்றாள். வண்டியில் ஜமுனாமரத்தூர் வரைக்கும் அந்தத் துணிமேலேயே கையை வைத்திருந்தாள்.

எங்கள் ஊர் எல்லையில் வேப்ப மரத்தடியில் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார்கள். அவருக்கு மாமன் முறை, அண்ணன் முறை ஆகிறவர்கள். எல்லாரும் அழுதுகொண்டுதான் நின்றார்கள்.

"உள்ள வாணாம்மா. அறுத்த உடம்பு. எங்களுக்கு மட்டும் ஆசையா? வழக்கத்த மீற முடியாது. உங்க நெலத்துலயே அடக்கம் பண்ணிடலாம்."

"அப்போ ஊருன்னு எதுக்குயா இருக்கீங்க?" என்று கத்தினேன். "படிக்கற எடத்துலயும் வாணாம்னுட்டாங்க. நீங்களும் வாணாம்னா நான் எங்க கொண்டுபோறது? சொல்லுங்கயா, எங்க கொண்டுபோறது?"

மண்ணை வாரிப் போட்ட சித்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் வண்டியை உள்ளே விடுங்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் நிலம் ஊர் எல்லைக்கு வெளியே, சரிவில் இருக்கிறது. குழி தோண்ட அங்கே பாறையில்லாத இடம், அவர் விழுந்த அதே புளிய மரத்தின் மறுபக்கம்தான். கொழுந்தன்தான் தோண்டினான். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. பம்பை அடிக்கவில்லை, கோடித்துணி வரவில்லை. முறிந்த கிளை பாறைப் பக்கமாக இலை வாடிக் கிடந்தது. எல்லாம் இருக்கறவன் ஒருத்தன் போவட்டும் என்றாரே, அப்படி எல்லாம் இருந்தவரை அன்றைக்குக் குழியில் இறக்க நாங்கள் எட்டுப் பேர்கூட இல்லை.

மகள் கல்லூரிக்குத் திரும்பிப் போனாள். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். பாறைமேல் இப்போது நான்தான் ஏறி நிற்கிறேன்.

"அம்மா, யார்கிட்டயும் சொல்லாத. எங்க டேபிள்ல இருக்கறவருக்கு நைனா பேர வெச்சிருக்கேன். மனசுக்குள்ளதான்."

"செரி" என்றேன். அந்தப் பேரில்லாத மனுஷருக்குப் பேராவது கிடைத்தது. ஆனால் அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பாறையைவிட்டு இறங்கி வந்து அன்றைக்கு முழுக்க அழுதேன்.

இந்த வருஷ மாசியில் மறுபடி புளி உலுக்கினார்கள். அந்த மரத்தில் கொழுந்தன்தான் ஏறினான். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவரைப் புதைத்த இடத்தின்மேல் படுதா விரித்து நாங்கள் பொறுக்கினோம். சாயங்காலம் கூடையைக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கினான். அவனுக்குத் தண்ணி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நான் அடித்த நாளைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியதேயில்லை.

"நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும் அண்ணி."

"என் பொண்ணு வெளியூர்ல இருக்கும். நான் போனா மொதல்ல வந்து நிக்கப் போறவன் நீதான். நான் எப்பிடிச் சாவறேனோ அப்பிடியே சொல்லணும். பாம்பு கடிச்சா பாம்பு கடிச்சிச்சின்னு சொல்லு. கெணத்துல வுழுந்தா கெணத்துல வுழுந்துட்டாங்கன்னு சொல்லு. மொத நிமிஷமே சொல்லு. உடம்ப எடுக்கலன்னாலும் பரவால்ல, கண்ணாவது போவட்டும்."

"அப்பிடில்லாம் பேசாதீங்க அண்ணி."

"ஊருக்குள்ள சேக்க மாட்டாங்கன்னு பாக்காத. எனக்கு உங்க ஊரு வாணாம். சொல்லுவியா?"

"சொல்றேன் அண்ணி."

"சத்தியமா?"

"சத்தியமா அண்ணி."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து சிதறிய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தான், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணனுக்காகப் பொய் சொல்ல வைத்த அதே பாசம் அவனுக்கு இப்போது என்மேலும் இருந்தது. அவன் சொல்ல மாட்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.